ரெக்ஸினுக்குப் பின்னால் இடது கை

அவரிடம் காரை விட்டுவிட்டுப் போனவர்கள் ஒருவரும் அவரை முழுதாக நம்பியதில்லை. அவரும் யாரையும் நம்பியதில்லை. இரண்டு பக்கமும் இப்படிச் சந்தேகத்தோடு முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் டேஷ்போர்டில் ஓட்டை மட்டும் அச்சாக விழும்.

எங்கள் குஷன் கடை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி இருக்கிறது. கார், வேன், ஆட்டோவுக்கு சீட் தைப்பது, டேஷ்போர்டுக்கு ரெக்ஸின் ஒட்டுவது எங்கள் தொழில். தையல் நான். கழற்றுவதும் பூட்டுவதும் எங்கள் வீட்டுக்காரர். அதே தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் சொல்லவந்த அண்ணாச்சியின் கடை. ஸ்பீக்கர், கேமரா, சுவிட்ச், சாமி சிலைக்குப் பின்னால் எரிகிற நீல லைட் என்று காருக்குள் எதைப் பொருத்த வேண்டுமானாலும் அவரிடம் போக வேண்டும். அதாவது, நான் இழுத்து ஒட்டி வழவழவென்று ஆக்கி அனுப்புவதில் அவர் ஓட்டை போடுவார். எங்கள் பழக்கம் அப்படி ஆரம்பித்ததுதான்.

ரெக்ஸின் போட்ட டேஷ்போர்டில் ஓட்டை போடுவது சுவரில் ஆணி அடிக்கிற வேலை இல்லை. மேலே ரெக்ஸின், அதற்கடியில் மெல்லிசாக ஸ்பாஞ்சு, அதற்கும் அடியில்தான் பிளாஸ்டிக். எடுத்த எடுப்பில் டிரில்லை வைத்தால் ரெக்ஸினின் உள்பக்கத் துணியில் இருக்கும் நூல் டிரில் முனையில் சுற்றுகிற பிட்டில் மாட்டும். மாட்டிய வேகத்தில் பிட் அதைச் சுருட்டி இழுக்கும். இவருக்கு முன்னால் அந்தக் கடையில் இருந்தவன், பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவரின் காரில் நான் பார்த்துப் பார்த்து ஒட்டிய ரெக்ஸினை ஒரு சாண் நீளத்துக்கு இடியாப்பம் மாதிரிப் பிழிந்து வைத்தான். "ரெக்ஸின் சரக்கு சரியில்லக்கா" என்று பழியையும் என் தலையிலேயே கட்டினான். அன்றிலிருந்து டிரில்லைக் கையில் பிடித்த எவனைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவர் வந்த முதல் நாளே நான் வேலையை விட்டுவிட்டு அவர் கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். என் ரெக்ஸின் மேல் கை வைக்கப்போகிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா? அவர் தலையைத் தூக்கி, "எதுக்குப் பாக்க?" என்று கேட்டார்.

"நான் ஒட்டினது அண்ணாச்சி. அதான்."

"ஒட்டினது நீன்னா பொறுப்பும் உனக்கு உண்டு. அங்கனயே நில்லு" என்றார்.

நின்றேன். ஓட்டை போட வேண்டிய இடத்தில் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். அதில் பேனாவால் புள்ளி வைத்தார். பழைய குடைக்குழாயை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையைப் பிளேடு போல ராவி வைத்திருந்தார். அதை மெழுகுவர்த்தியில் காட்டி, புள்ளி மேல் வைத்து, அழுத்தி ஒரு திருகு. ரெக்ஸினும் ஸ்பாஞ்சுமாகச் சின்ன வட்டம் ஒன்று குழாயோடு வந்துவிட்டது. சூட்டில் வெட்டியதால் ஓரத்தில் ஒரு நூல் பிரியவில்லை. அதற்குப் பிறகுதான் டிரில். பிட்டின் மேல் வயர்த் தோலை மாட்டி, எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த அளவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருந்தார். அதற்கு மேல் ஒரு நெல் அளவு கூட உள்ளே போகாது.

ஆனால் டிரில்லை ஓட்டுவதற்கு முன் அவர் செய்த காரியம்தான் எனக்கு விளங்கவில்லை. கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, இடது கையை முழங்கை வரைக்கும் டேஷ்போர்டுக்குப் பின்னால் விட்டார். ஓட்டை விழப்போகிற இடத்துக்கு நேர் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வலது கையால் டிரில்லை ஓட்டினார்.

"அண்ணாச்சி, கை போயிராதா?"

"போவணும்லா. போவும்னு பயம் இருந்தாத்தான் நிதானம் இருக்கும். பின்னால என்ன கெடக்குன்னு பாக்காம ஓட்டை போடுதவன் கோட்டிக்காரன். வயரு கெடக்கும், பைப்பு கெடக்கும். மேல வழவழன்னு இருக்கேன்னு நம்பிரப்புடாது."

கடைசியில், வெட்டி எடுத்த அந்த ரெக்ஸின் வட்டத்தைத் தூர எறியாமல் டேஷ்போர்டின் உள்பக்கமாக, ஓட்டைக்குப் பக்கத்தில் பசை வைத்து ஒட்டினார். நாளைக்கு வண்டிக்காரன் இந்த ஓட்டையை மூட வேண்டும் என்று வந்து நிற்பான், அப்போது வேறு சரக்கை வைத்து மூடினால் ஊருக்கே தெரியும் என்பது அவர் கணக்கு. போட்ட ஓட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் மூடியும் இருந்தது. இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத யார்ட்டயும் சொல்லிராத."

அதில் என்ன ரகசியம் என்று அப்போது யோசித்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, அவர் எந்தப் பேச்சையும் அந்த வாக்கியத்தோடுதான் முடிப்பார். மலையில் மழை இறங்கியிருக்கிறது, அருவியில் தண்ணீர் வந்துவிடும் என்பார். "யார்ட்டயும் சொல்லிராத." மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன் என்பார். "யார்ட்டயும் சொல்லிராத." சட்டைப் பைக்கு ஊக்கு. டீ கொண்டுவரும் பிளாஸ்க் மூடியின் இணைப்பில் ஒரு துண்டு டேப், யாராவது திறந்தால் தெரிந்துவிடுமாம். கடையைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போவார், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். நான் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் திரும்பி வருகிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

சீசனில் குற்றாலத்தில் குளிக்கப் போனால் ஒரு செருப்பை சிப்ஸ் கடை ஓரத்திலும் மற்றொன்றை எண்ணெய் தேய்ப்பவர்கள் உட்காரும் இடத்திலும் கழற்றிப் போடுவார். ஒற்றைச் செருப்பை எவனும் திருட மாட்டான் என்று கணக்கு. ஒரு சாரல் நாளில் நாங்கள் குடும்பத்தோடு போனபோது, ஈரத்தலையோடு ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி?" என்றதும், "ஒண்ணு இருக்கு, ஒண்ண எவனோ தூக்கிட்டான்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். குரங்குதான் கொண்டு போயிருக்கும் என்று நான் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "குரங்க நம்பலாம் தங்கச்சி. அது நம்ம கண்ணு முன்னாலல்லா பறிக்குது."

இப்படிப்பட்டவருக்கு நான் எப்படிச் சாட்சி ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும். எந்த வண்டியிலும் வேலையைத் தொடுவதற்கு முன், உரிமையாளரை உள்ளே உட்காரவைத்து ஹாரன், வைப்பர், லைட், ஃபேன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டச் சொல்லுவார். "எங்கிட்ட விடுத வரைக்கும் ஓடாதது, நான் தொட்ட பொறவு ஓடலன்னு வந்து நிப்பான்" என்பது அவர் கட்சி. ஓடுகிறது, ஓடவில்லை என்பதைப் பார்ப்பதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். அது நான். என் பக்கத்துத் தடுப்பில் மிச்சம் மீதி ஸ்பாஞ்சையும் கருநீல ரெக்ஸினையும் ஒட்டி, மிஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்துகொள்ள வசதி பண்ணிவைத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "ஏ தங்கச்சி, சாட்சிக்கு வா."

தைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு எத்தனை முறை எழுந்து போயிருப்பேன்! திட்டிக்கொண்டேதான் போவேன். ஆனாலும் போவேன். ஒரு தடவை தக்காளி ஏற்றுகிற டெம்போக்காரர் ஒருவர், ஸ்பீக்கர் மாட்டிய மறுநாள் வந்து ஹாரன் போய்விட்டது என்று சத்தம் போட்டார். நான் போய் நின்று, "நேத்து மாட்டுததுக்கு முன்னாலயே அடிக்கல. நான் பாத்தேன்" என்றதும் குரலை இறக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அண்ணாச்சி தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். டேப்பை என் கண் முன்னால்தான் உரித்தார்.

அவருடைய சந்தேகத்தில் பிரயோஜனமும் இருந்தது என்பதை நான் மறைக்கக்கூடாது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து வந்த ஒருவர், டேஷ்போர்டின் இடது பக்கம் பித்தளைப் பிள்ளையாரை ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொன்னார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். "ஒரு குழப்பமும் இல்லா சேட்டா, ஸ்க்ரூ போடு" என்று அவர் கெஞ்சினார். "இதுக்குள்ள ஏர்பேக்னு ஒரு பலூன் தூங்குது. மோதினா முழிக்கும். முழிச்சா இந்தப் பிள்ளையாரு யாரு மூஞ்சிக்குப் போவாரு? பக்கத்து சீட்ல யாரு உக்காருவா?" என்று கேட்டார். மனைவி என்று பதில் வந்தது. பிள்ளையாரை ஒரு துணியில் சுற்றி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

எல்லோரிடமும் அவர் கேட்கிற இன்னொரு கேள்வியும் உண்டு. கேமராவோ, வண்டி எங்கே போகிறது என்று காட்டும் கருவியோ, ஒளித்து வைக்க வேண்டும் என்று யாராவது வந்தால், "யாருக்குத் தெரியக் கூடாது?" என்பார். கள்ளனுக்கு என்றால் போடுவார். பெண்டாட்டிக்கு என்றால் அனுப்பிவிடுவார். அதனால் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை இருந்தது. அது கடையம் ஊரிலிருந்து ஒரு டிராவல்ஸ்காரர் வரும் வரைக்கும்தான்.

அந்த டிராவல்ஸ்காரருக்கு, தன் டிரைவர் காருக்குள் என்ன பேசுகிறான் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்க வேண்டுமாம். உளுந்து அளவில் ஒரு மைக் கொண்டு வந்திருந்தார். டிரைவர் எனக்குத் தெரிந்தவர். வீரகேரளம்புதூர்க்காரர். சீட் தைக்க வண்டியை விட்டால் எங்கள் கடையில் கிடக்கிற பழைய சீட்டிலேயே சுருண்டு படுத்துத் தூங்குவார். வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் என்னிடம் கொட்டுவார்.

"யாருக்குத் தெரியக் கூடாது?" என்று இவர் கேட்டது தடுப்பு வழியாக எனக்குக் கேட்டது.

"டிரைவருக்குத்தான்."

 பிறகு மெழுகுவர்த்தி பற்றவைக்கிற தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. நான் பொறுக்காமல் எழுந்து போனேன். டிராவல்ஸ்காரர் டீ குடிக்கப் போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது நல்லாவா இருக்கு? அவரு வண்டிக்குள்ள பொண்டாட்டி பிள்ளையோட போன்ல பேசுவாருல்லா. அதையும்லா கேப்பாங்க?"

"யோக்கியனா இருந்தா அவனுக்கு என்ன நட்டம்?"

"அப்ப உங்க கடையில ஒண்ணு வைக்கட்டா?"

நான் சும்மா ஒரு வேகத்தில் சொன்னதுதான். அவர் முகம் மாறிவிட்டது. "நீ போயி தை" என்றார். அந்த ஓட்டையை நான் பிறகு பார்த்தேன். என் கையால் ஒட்டிய ரெக்ஸின்தான் அது. இருந்தும் மூன்று தடவை தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதே மாதிரி இன்னும் எத்தனை வண்டிகளில், யாருக்கும் தெரியாமல், என்னென்ன போட்டிருப்பார்?

நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. டிரைவரிடம் சொல்லிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. சொன்னால் அவர் வேலையை விட்டுவிடுவார், வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அந்த யோசனையில் இருக்கும்போதே விஷயம் வெடித்துவிட்டது. டிரைவர் டேஷ்போர்டைப் பிரித்து மைக்கைப் பிடுங்கி, முதலாளி வீட்டு முற்றத்தில் சாவியோடு சேர்த்து வீசிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் டிராவல்ஸ்காரர் வந்து அந்த மைக்கை இவர் மேஜையில் எறிந்தார்.

"எனக்கும் உமக்கும் தெரிஞ்ச விஷயம் அவனுக்கு எப்படி வேய் தெரிஞ்சுது? வெளிய விட்டது யாரு?"

இவர் தலையைத் திருப்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. எத்தனை வருஷம் சாட்சிக்கு எழுந்து போயிருக்கிறேன்!

அதன் பிறகு என் முதுகுக்குப் பின்னால் குரல் வரவில்லை. கடை வாசலில் ஒரு சாக்குப் படுதாவைக் கட்டித் தொங்கவிட்டார், நான் எட்டிப் பார்க்காமல் இருக்க. அதற்கு வேலையே இல்லை. பார்ப்பதற்கு அங்கே வண்டியே கிடையாது. டிரைவர்களுக்குள் பேச்சு பரவிவிட்டது: "அவர்ட்ட வண்டிய விடாத, காது வச்சு அனுப்பிருவாரு." சீசன் உச்சத்தில் இருந்தது. குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூட அவர் வாசலில் ஒதுங்கவில்லை. எல்லாம் என் வேலை என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் போய், இல்லை அண்ணாச்சி என்று சொல்லியிருக்கலாம். நான் ஏன் போக வேண்டும்? செய்யாத தப்புக்கு எந்த வாயால் சமாதானம் சொல்வது? எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஒரு மத்தியானம், தூறலாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஃபோம் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். நான் வேன் சீட் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரில் ஓடுகிற சத்தம் கேட்டது. வண்டி எதுவும் வரவில்லையே என்று யோசித்தேன். வண்டியில் ஓடுகிற டிரில் சத்தம் வேறு. இது கட்டையில் ஓடுவதுபோல் கரகரவென்று இருந்தது. தையலை நிறுத்தாமலேயே காதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஓடியது. பட்டென்று நின்றது. மறுபடியும் ஓடும் என்று எதிர்பார்த்தேன், ஓடவில்லை. இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்று எனக்கு அன்றைக்கு முழுக்க உறுத்தலாகவே இருந்தது.

மறுநாள் காலையில் சாக்குப் படுதாவைக் காணோம். தடுப்பை ஒட்டி, அவர் பக்கத்தில், டப்பாக்கள் அடுக்குகிற ஒரு மர ஷெல்ஃப் புதிதாக ஏறியிருந்தது. பதினோரு மணிவாக்கில், வெளியூர் வண்டி ஒன்று தெரியாத்தனமாக அவர் வாசலில் வந்து நின்றது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ தங்கச்சி, சாட்சிக்கு வா."

நான் உடனே எழவில்லை. ஒரு முழுத் தையலை ஓட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். போய் நின்று வைப்பர் ஓடுவதைப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியே பழையபடி ஆகிவிட்டது.

அது நடந்து பல நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அந்த டிரைவர் சொந்தமாக ஆட்டோ எடுத்து, சீட் தைக்க எங்களிடம் வந்தார். "மைக் இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று நானே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "எங்க மொதலாளியேதாங்க்கா. ஒரு கல்யாண வீட்டுல, என் டிரைவரு தும்முனாக்கூட எனக்குக் கேக்கும்னு பெருமையடிச்சிருக்காரு. பந்தி பரிமாறுனவன் என் சேக்காளி" என்றார். நான் ஆட்டோ சீட்டை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வயரின் தோலை உரித்துக்கொண்டே கேட்டு முடித்தார்.

"சரி. இத யார்ட்டயும் சொல்லிராத" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குடைக்குழாயை எடுத்து அவர் காதிலேயே ஒரு திருகு திருகலாம் போல இருந்தது.

பார்வை மங்க ஆரம்பித்ததும் அவர் கடையைக் காலி பண்ணிக்கொண்டு திருப்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தன் டிரில்லை மட்டும் கொண்டு போனார். அந்தப் பாதியையும் நாங்களே வாடகைக்கு எடுத்தோம். போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் அந்த மர ஷெல்ஃபைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏளா, இங்க வா."

பிளைவுட்டில் ஒரு ஓட்டை இருந்தது. சுண்டுவிரல் நுழைகிற அளவு. ஓரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருந்தது. யார் போட்டது என்று கேட்கவே வேண்டாம். நேர் அந்தப் பக்கம் நான் மிஷினில் உட்காரும் இடம்.

எங்கள் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. "பொம்பள உக்காருத எடத்துக்கு நேரா ஓட்டை போட்டு வச்சிருக்கான். இவனைப் போயி அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்டியே. எத்தன வருசமா பாத்திட்டிருந்தானோ, சவத்துப்பய!"

எனக்கும் உடம்பு கூசியது. பொய் சொல்லக்கூடாது, முதலில் எனக்கும் அந்த நினைப்புதான் வந்தது. அத்தனை வருஷப் பழக்கமும் ஒரு நொடியில் அழுக்காகிவிட்டது. எந்த நாளில் எப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்றெல்லாம் மனசு பின்னோக்கி ஓடியது. ஓடிப்போய் என் பக்கத்து ரெக்ஸினைத் தடவினேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. என் விரலுக்குத் தப்பி எந்த ஓட்டையும் இருக்க முடியாது. ஒன்றும் இல்லை. ஊசி நுழைந்த தடம்கூட இல்லை.

திரும்ப அந்தப் பக்கம் வந்து சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டேன். பிளைவுட் முடிகிற இடத்தில் விரல் மெத்தென்று எதிலோ முட்டியது. நான் ஒட்டிய ஸ்பாஞ்சு. ஒரு கீறல் இல்லாமல் முழுதாக இருந்தது. கட்டை முடிகிற வரைக்கும் வந்து, ஸ்பாஞ்சைத் தொடாமல் நின்றிருந்தது டிரில்.

"பாக்கலங்க. பாக்க முடியாது. இது அந்தப் பக்கம் வரவே இல்ல" என்றேன்.

"பொறவு எதுக்குப் போட்டான்? போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு. நான் கேக்கணும்."

போட்டேன். மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். எடுத்ததுமே, "பக்கத்துல யாரு நிக்கா? சத்தம் ஒரு மாதிரி வருதே" என்றார். ஆள் மாறவே இல்லை.

"எங்க வீட்டுக்காரவ நிக்காவ. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஷெல்ஃபக் கழத்தினோம் அண்ணாச்சி."

 வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"போட்டேன்" என்றார். "அந்த டிராவல்ஸ்காரன் எறிஞ்சிட்டுப் போன மைக்க உன் பக்கத்துத் தடுப்புல வைக்கதுக்குப் போட்டேன். அந்த டிரைவரு வந்தா நீ என்ன பேசுதன்னு கேக்கணும்னு."

எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"பொறவு ஏன் அண்ணாச்சி பாதியில விட்டுட்டிய? சந்தேகம் போயிருச்சா?"

"சந்தேகம் எங்க போச்சு? அது அப்படியேதான் இருந்துச்சு." இருமினார். "பின்னால கைய வைக்க வழியில்ல தங்கச்சி. அந்தப் பக்கம் உன் மிஷின் ஓடுது. நீ சாஞ்சிருக்க. ஒவ்வொரு மிதிக்கும் கட்டை அசையுதது எனக்கு டிரில்லுல தெரியுது. பின்னால நீல்லா இருந்த. அதான் நிறுத்திட்டேன்."

 எங்கள் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சரி, வைக்கட்டா" என்றார் அவர்.

"வையுங்க அண்ணாச்சி" என்றேன். ஆனாலும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வழக்கமான அந்த வாக்கியம் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை, வைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.